காஷ்மீர் குளிரில் வேன் குழாயைக் காப்பாற்றிய புரொப்பிலீன் கிளைக்கால்

சொந்தமாக கேம்பர் வேன் (உள்ளேயே தங்கிச் சமைக்கிற வேன்) கட்டியவர்கள் மதுரைப் பக்கம் இப்போது நிறையப் பேர் இருக்கிறீர்கள், அதனால் குளிரில் வேனின் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடிக்காமல் பார்த்துக்கொள்வது பற்றி எழுதுகிறேன். நம்ம ஊர் வழியாகப் போகும் என்.எச். 44-ஐப் பிடித்தால் நேரே ஸ்ரீநகர்தான். போன வருஷத்துக்கு முந்தின ஜனவரியில் நானும் மச்சானும் அப்படித்தான் போனோம். பஹல்காமில் ராத்திரி மைனஸ் 8 டிகிரி. காலையில் பைப்பைத் திறந்தால் சொட்டுத் தண்ணீர் வரவில்லை, உறைந்திருக்கிறது, வெயில் வந்தால் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டோம். வெயில் வந்ததும் சிங்க்குக்கு அடியிலிருந்து தண்ணீர் ஊற்றியது பாருங்கள், பம்பின் தலை விரிசல் விட்டு, சி.பி.வி.சி. (ஒரு வகை பிளாஸ்டிக்) குழாயின் எல்போ, அதாவது வளைவு மூட்டு, இரண்டும் வெடித்திருந்தன. தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பெருகும், மூடிய குழாய்க்குள் அது எங்கே போகும்?

ஊருக்கு வந்து ஒரு மெக்கானிக்கிடம் கேட்டால், குழாய் உறையாமல் இருக்க பச்சை ரேடியேட்டர் கூலன்ட்டை ஊற்றுங்கள் என்றார். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அது பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால், விஷம், அதுவும் இனிக்கிற விஷம். பிள்ளைகள் வாய் கொப்பளிக்கிற குழாய் அது.

கடைசியில் தெற்கு வெளி வீதிப் பக்கம் ஒரு கெமிக்கல் கடையில், அதற்குப் பதிலாகத் தண்ணீரை உறையவிடாமல் காக்கிற புரொப்பிலீன் கிளைக்கால் என்ற திரவம் 8 லிட்டர் வாங்கினேன். கடைக்காரர் கேட்ட முதல் கேள்வியே, "தம்பி, ரேடியேட்டருக்கா, குடிக்கிற தண்ணி போற லைனுக்கா?" என்பதுதான். மருந்துக்குப் போகிற ஐ.பி. கிரேடு கேனை எடுத்துக் கொடுத்தார். விலை அடிக்கடி மாறுகிறது, போன் போட்டுக் கேட்டுவிட்டுப் போங்கள்.

6 லிட்டர் கிளைக்காலுக்கு 4 லிட்டர் ஆர்.ஓ. தண்ணீர் கலந்தோம். இந்தக் கலவை மைனஸ் 45 டிகிரி வரைக்கும் உறையாது. கிளைக்கால் தண்ணீரோடு கலந்துவிட்டால் ஐஸ் படிகம் சேரவே விடாது. வெளிநாட்டில் ரோஸ் கலரில் ஆர்.வி. ஆன்டிஃப்ரீஸ் (இந்த மாதிரி வேன்களுக்கான உறைதடுப்புத் திரவம்) என்று விற்கிறார்களே, அதிலும் பெரும்பாலும் இதே சரக்குதான். நம்முடையது நிறமில்லாமல் சர்க்கரைப் பாகு மாதிரி இருக்கும், குழாயில் வருவது தண்ணீரா இதுவா என்று தெரியாது, அதனால் ஒரு சிட்டிகை கேசரி பவுடர் போட்டேன்.

இந்த ஜனவரியில் பஹல்காம் போனதும், ஐந்து நாள் லாட்ஜில் தங்குவதற்கு முன்னால் வேலையை முடித்தோம். முதலில் டேங்க், கீசர் எல்லாவற்றையும் வடித்துவிட வேண்டும், கீசரை பைபாஸ் பண்ண வேண்டும், இல்லாவிட்டால் பாதிக் கலவையை அதுவே குடித்துவிடும். ஃபில்டர் காட்ரிட்ஜைக் கழற்றிவிட்டு, பம்பின் உள்வழி ஓஸைக் கேனில் விட்டு ஓட்டினால் போதும். குளிர்ந்த தண்ணீர் பைப், சுடுதண்ணீர் பைப், ஷவர், டாய்லெட் என்று ஒவ்வொன்றாகத் திறந்து, கேசரி நிறம் வந்ததும் மூடினேன். சிங்க்குக்கு அடியில் வளைந்த குழாயில் எப்போதும் தண்ணீர் நிற்கும், அதனால் வடிகாலிலும் ஒரு டம்ளர் ஊற்றினேன். மறந்தால் வெடிப்பது அதுதான்.

ஆறாம் நாள் காலை மச்சான் டார்ச் அடித்து ஒவ்வொரு மூட்டாகத் தடவிப் பார்த்தான், எல்லாம் காய்ந்தே இருந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

குறை என்றால், உள்ளே இது இருக்கிற வரைக்கும் வேன் தண்ணீரைப் புழங்க முடியாது, கேன் தண்ணீர்தான். தரையில் சிந்தினால் பயங்கரமாக வழுக்கும். இனிப்பும் பிசுபிசுப்பும் போக, ஜம்முவுக்கு வந்து இரண்டு டேங்க் தண்ணீர் ஓடவிட்டோம். அப்புறம் முக்கியமானது, சி.பி.வி.சி. குழாய் போட்டிருந்தால் இவ்வளவு கெட்டியான கிளைக்கால் ஆகாது, நாளாக விரிசல் விட்டுவிடும். நாங்கள் முன்னாடியே எல்லாவற்றையும் பெக்ஸ் என்கிற வளையக்கூடிய பிளாஸ்டிக் குழாயாக மாற்றிவிட்டோம்.

மீதி 2 லிட்டர் வீட்டில் இருக்கிறது. மதுரையில் யாருக்காவது கொஞ்சம் வேண்டுமென்றால் கேளுங்கள், தருகிறேன்.