டி டிரைவ் திறக்கவில்லையா? ஃபார்மட்டுக்கு முன் வேறு வழிகள்

மதுரை சிம்மக்கல், டவுன்ஹால் ரோடு பக்கம் டிடிபி கடைகளில் விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் பழைய கணினியை இன்னமும் பார்க்கலாம். கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கும் பேஜ்மேக்கரும் அதற்கென வாங்கிய தமிழ் எழுத்துருக்களும் அதில்தான் கிடக்கின்றன. 2014 ஏப்ரல் 8 அன்றே மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பியைக் கைகழுவிவிட்டது, கடைக்காரரால் முடியுமா? முகூர்த்த மாதத்தில் வருகிறவர்களெல்லாம் பென் டிரைவைச் செருகுவார்கள். ஒருநாள் டி டிரைவை இரட்டைக் கிளிக் செய்தால், எந்த மென்பொருளில் திறப்பது என்று கேட்டு ஒரு பட்டியல் நீளும்.

"ஃபார்மட் அடித்துவிடலாம் அண்ணே" என்பார் சர்வீஸ் செய்ய வரும் தம்பி. அவருக்கு அது எளிது. எழுத்துருக்களையும் பிரிண்டர் டிரைவரையும் தேடி அலையப்போவது நாம்தான். அதைவிடப் பெரிய சிக்கல், வழக்கமாக சி டிரைவை மட்டும்தான் ஃபார்மட் செய்வார்கள். டிரைவைத் திறந்ததும் எந்த மென்பொருளை ஓட்டுவது என்று விண்டோஸுக்குச் சொல்லும் சீட்டுதான் ஆட்டோரன்.ஐஎன்எஃப் (autorun.inf). கோளாறின் வேரான அந்த மறைகோப்பு டி டிரைவில் அப்படியே இருக்கும். வைரஸும் கூடவே இருந்தால், புது விண்டோஸில் டி டிரைவை முதல்முறை இரட்டைக் கிளிக் செய்ததும் பழைய குருடி கதவைத் திறடி கதைதான்.

என் ஓட்டு கட்டளைத் திரைக்கு. ரன் பெட்டியில் சிஎம்டி (cmd) என்று கொடுத்து, டி டிரைவுக்குப் போய், 'ஆட்ரிப் -ஹெச் -ஆர் -எஸ் ஆட்டோரன்.ஐஎன்எஃப்' (attrib -h -r -s autorun.inf) என்று தட்டினால் ஒளிந்திருந்த கோப்பு வெளியே வரும். உடனே அழித்துவிட வேண்டாம். நோட்பேடில் திறந்து பாருங்கள். 'ஓப்பன்=' என்ற வரியில் ஒரு இஎக்ஸ்இ கோப்பின் பெயர் இருக்கும். அதுதான் நாம் தேடும் ஆள், வைரஸ். பல நேரம் ஆன்டிவைரஸ் அந்த ஆளைத் தூக்கிவிட்டு இந்தச் சீட்டை மட்டும் விட்டுவைத்திருக்கும். இல்லாத மென்பொருளை விண்டோஸ் தேடுவதால்தான் அந்தப் பட்டியல். இரண்டையும் அழித்துவிட்டுக் கணினியை மறுபடி தொடங்குங்கள். தொடங்காமல் சோதித்தால், பழைய நினைவில் அதே பட்டியலைத்தான் காட்டும்.

டிரைவுக்குப் பதில் தேடல் சாளரம் திறந்தால் நோய் வேறு. அது வைரஸாகவே இருக்க வேண்டியதில்லை. ஃபோல்டர் ஆப்ஷனில் யாரோ கைவைத்திருக்கலாம். ரன் பெட்டியில் 'ரெக்எஸ்விஆர்32 /ஐ ஷெல்32.டிஎல்எல்' (regsvr32 /i shell32.dll) கொடுத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். அதற்கும் அடங்காவிட்டால்தான் விண்டோஸின் அமைப்புகளெல்லாம் பதிவாகியிருக்கும் ரெஜிஸ்ட்ரி. பழக்கமில்லாதவர்கள் அந்தப் பக்கம் போகாதிருப்பது நல்லது.

அழித்த கோப்பு சில நொடிகளில் மறுபடி முளைக்கிறதா? வைரஸ் உயிரோடு ஓடிக்கொண்டிருக்கிறது. விண்டோஸுக்குள் இருந்துகொண்டு அதைப் பிடிப்பது வீண் வேலை. விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இயங்குதளமான லினக்ஸில், பப்பி லினக்ஸ் போன்ற சிறிய ஒன்றை சிடியில் எழுதி அதிலிருந்து கணினியைத் தொடங்கலாம். பென் டிரைவிலிருந்து தொடங்கத் தெரியாத பழைய மதர்போர்டுக்கும் இது ஒத்துவரும். விண்டோஸ் மறைத்த கோப்பு லினக்ஸில் பளிச்சென்று தெரியும். வைரஸும் அங்கே ஓடாது. கட்டளை வழியைவிட நேரம் பிடிக்கும், ஆனால் வேலை சுத்தம்.

டிரைவ் திறக்க நிமிடக்கணக்கில் ஆகி, உள்ளிருந்து டிக் டிக் சத்தமும் வந்தால் மேற்சொன்ன எதுவும் பயன்படாது. ஹார்டு டிஸ்க் சாகிறது. டிஸ்கைச் சோதிக்கும் செக்டிஸ்க் கட்டளையைப் போட்டு அதை மேலும் வதைக்காமல், லினக்ஸ் வழியாகவே முதலில் வாடிக்கையாளர் கோப்புகளை வெளியே எடுங்கள். ஃபார்மட் பற்றிய பேச்சே அதற்குப் பிறகுதான்.

கடையின் சொந்தப் பென் டிரைவில் ஆட்டோரன்.ஐஎன்எஃப் என்ற பெயரிலேயே ஒரு ஃபோல்டர் உருவாக்கி வையுங்கள். அதே பெயரில் கோப்பை எழுத முடியாமல் பழைய வைரஸ்கள் பல திணறும். சில கெட்டிக்கார வைரஸ்கள் ஃபோல்டரையே அழித்துவிடும் என்பதால், அடுத்தவர் பென் டிரைவைச் செருகும்போது ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடிப்பதையும் விட வேண்டாம்.