திருபுவனத்தில் எடுத்த முகூர்த்தப் புடவை

மகளின் முகூர்த்தப் புடவைக்காக முதலில் நான்கு மாடி ஜவுளிக்கடை ஒன்றுக்குப் போனோம். ஐந்து மணி நேரம், நூறு புடவைகளாவது பிரித்திருப்பார்கள். அரக்கைத் தொட்டால் மாம்பழ நிறம் இழுத்தது. மேல்மாடியில் இதைவிட நல்லது இருக்குமோ என்ற பதைப்பு வேறு. வெறுங்கையோடு திரும்பினோம். பஸ்ஸில் மகள் அழுதே விட்டாள்.

அடுத்த வாரம் கும்பகோணம் அருகே பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற திருபுவனம். கம்பகரேசுவரர் கோயிலுக்கு அருகே, தறிக்காரர் ஒருவர் வீட்டுத் திண்ணையை ஒட்டி வைத்திருக்கும் கடை. பெரியவர் உடனே புடவையை எடுக்கவில்லை. “எவ்வளவுக்குள் பார்க்கிறீர்கள் அம்மா? பாப்பாவுக்கு எந்த நிறம் பிடிக்கும்?” என்று கேட்டுவிட்டு, இந்த ஊருக்கே உரிய விசிறி மடிப்பில் ஆறே ஆறு புடவைகளை வைத்தார். “வேறு இல்லையா?” என்றேன். “இருக்கிறது அம்மா. முதலில் இதில் வேண்டாததை ஒதுக்குங்கள்” என்றார். பத்து நிமிடத்தில் நான்கு போயிற்று. மீதி இரண்டையும் வாசல் வெளிச்சத்தில் தோளில் போட்டுப் பார்த்தாள். அரக்கு நின்றது.

உளவியலாளர்கள் ஷீனா ஐயங்காரும் மார்க் லெப்பரும் 2000-இல் வெளியிட்ட ஆய்வு நினைவுக்கு வந்தது. 24 வகை ஜாம் வைத்தபோது, நின்று பார்த்தவர்களில் 3 சதவீதம் பேர் வாங்கினார்கள். 6 வகை வைத்தபோது 30 சதவீதம். பெரியவருக்கு அது அனுபவத்திலேயே தெரிந்திருக்கிறது.

மகள் அதன்பின் வேறு புடவையின் படத்தைக்கூடப் பார்க்கவில்லை. குறை ஒன்றுதான்: மதியம் ஒன்று முதல் மூன்று வரை கடை அடைத்திருக்கும். காலையிலேயே போய்விடுங்கள்.