அடிபடாத மங்க்: கென்ஸாயா, டிரங்கன் மாஸ்டரா, ஷேடோவா?

கோட்டையூரில் எங்கள் ஐயா வீட்டு வளவைச் சுற்றி ஓடும் தாழ்வாரம் முழுக்க ஆத்தங்குடிக் கல். விடுமுறைக்குச் சேரும்போதெல்லாம் அதன் மேல்தான் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதாபாத்திர ஆட்டம் ஆடுகிறோம். ஒரு கல் என்றால் ஐந்தடி. ஆளுக்கு ஒரு சோழி. ஓகர் என்ற அரக்கன் பெரிய உருவம், நான்கு கல்லை அடைக்கும், அதனால் அதற்குப் பித்தளைத் தவலை.

ஐந்தாம் பதிப்பு, 2014 விதிகள். சின்னம்மா மகன் ஒரு மங்க் (வெறுங்கையாலும் சண்டைபோடும் துறவி வீரன்) செய்யவேண்டும் என்றான், நிபந்தனை ஒன்றே ஒன்று: "அண்ணே, என்மேல அடியே விழக்கூடாது." அவனுக்காக மங்கின் மூன்று வழிகளான கென்ஸாய், டிரங்கன் மாஸ்டர், ஷேடோ மூன்றையும் ஆறாம் லெவலில் ஆடிப் பார்த்தோம்.

மூன்றுக்கும் உடம்பு ஒன்றுதான். வுட் எல்ஃப் இனம், டெக்ஸ் (சுறுசுறுப்பு) 18, விஸ்டம் (விவேகம்) 16, கான் (உடல் உறுதி) 13. கவசம் இல்லாத மங்குக்குப் பத்தோடு டெக்ஸின் கூடுதல் 4, விஸ்டத்தின் கூடுதல் 3 சேரும், ஏசி (அடி விழ எதிரி எட்டவேண்டிய எண்) 17. உயிர் 39. ஓகரின் சராசரி அடி 13, ஆக மூன்று அடியில் ஆள் காலி. ஓகருக்குத் தாக்குதலில் +6. இருபது முக டைஸில் 11 விழுந்தால் போதும், இரண்டில் ஒரு அடி விழும். ஏசியை மட்டும் நம்பினால் இதுதான் கதி.

கென்ஸாய் இந்த இடத்தைத்தான் சரிசெய்யப் பார்க்கிறது. கையில் தன் கென்ஸாய் ஆயுதத்தை வைத்துக்கொண்டு, தாக்குதலில் ஒரு அடியை வெறுங்கையால் அடித்தால் அடுத்த முறை வரும்வரை ஏசி இரண்டு ஏறும். அடி விழும் வாய்ப்பு 50 விழுக்காட்டிலிருந்து 40க்கு இறங்கும், செலவு எதுவும் இல்லை. ஆனால் எந்த மங்கும் ஒரு கி (மங்கின் சக்திப் புள்ளி) செலவழித்து டாட்ஜ் (அடியிலிருந்து ஒதுங்குவது) எடுத்தால் அது 25க்கே வந்துவிடும். நின்று அடிவாங்கப் பிடித்தவர்களுக்குக் கென்ஸாய் நல்லது. தம்பி கேட்டது அது இல்லை.

டிரங்கன் மாஸ்டர் ஆடியபோதுதான் அவன் முகம் மலர்ந்தது. ஒரு கி கொடுத்து ஃப்ளர்ரி எடுத்தால், வழக்கமான இரண்டு அடியோடு இன்னும் இரண்டு குத்து, கூடவே டிஸ்எங்கேஜ் (விலகி ஓடும்போது எதிரி அடிக்க முடியாது), பத்தடி கூடுதல் ஓட்டம். வுட் எல்ஃபுக்கு ஆறாம் லெவலில் 50 அடி இருக்கிறது, இது சேர்ந்தால் 60, பன்னிரண்டு கல். தவலைக்குப் பக்கத்தில் போய் நான்கு அடி அடித்துவிட்டு, சோழியை ஒவ்வொரு கல்லாக நகர்த்திக்கொண்டு எதிர்த் தூண்வரை போய்விட்டான். ஓகரின் வேகம் எட்டுக் கல்தான். ஓடிப் பிடித்தால் அந்த முறை அடிக்க முடியாது, நின்றால் ஈட்டி எறியவேண்டும். ஈட்டியின் சராசரி 11. மங்க் அம்பையும் ஈட்டியையும் தட்டிவிடும்போது ஒரு பத்து முக டைஸோடு பத்தைக் கூட்டிக் குறைக்கிறது, ஆக மிகக் குறைவாக விழுந்தாலும் அந்த 11 போய்விடும். நான் ஆட்டத்தை நடத்தும் டிஎம்மாக உட்கார்ந்து மூன்று ஈட்டி எறிந்தேன், ஒன்றுகூட வலிக்கவில்லை.

இரண்டு ஓகருக்கு நடுவில் மாட்டினாலும் இதற்கு ஒரு வழி உண்டு. ஒன்றின் அடி தவறினால் இன்னொரு கி கொடுத்து அதைப் பக்கத்தில் நிற்கும் மற்றதன்மேல் விழவைக்கலாம். குறை என்னவென்றால் கி ஆறுதான். ஒரு மணி நேரம் உட்கார்ந்து இளைப்பாறாமல் அது திரும்பாது, சண்டை நீண்டால் கால் ஓய்ந்துவிடும்.

ஷேடோவுக்கு அந்தக் கவலை இல்லை. ஆறாம் லெவலில் மங்கலான இடத்திலிருந்து கண்ணுக்குத் தெரிகிற இன்னொரு மங்கலான இடத்துக்கு 60 அடி தாவலாம், கி செலவே கிடையாது. இரண்டு அடி அடித்துவிட்டு மறைந்தால் துரத்தி அடிக்கவும் முடியாது. வளவை ஒட்டிய சின்ன அறைகள் பகலிலேயே இருட்டு. அந்த அறைகளையே வரைபடமாக வைத்து ஆடிய இரவில் தவலைமேல் சோழி எந்தப் பக்கமிருந்து வரும் என்று எனக்கே பிடிபடவில்லை.

அடுத்த ஆட்டத்தில் ஓகர் கையில் ஒரு தீப்பந்தம் கொடுத்தேன். பந்தத்தைச் சுற்றி நான்கு கல்வரை நல்ல வெளிச்சம், அடுத்த நான்கு கல் மங்கல். ஓகருக்குப் பக்கத்தில் தாவி இறங்கவும் முடியாது, அங்கிருந்து தாவவும் முடியாது. ஐந்தாம் கல்லில் இறங்கி ஓடிவந்து அடிக்கவேண்டும், திரும்பும்போது ஓகர் ஒரு அடி போடும். பந்தத்தை அணைக்கக் கூட்டாளி ஒருவன் வேண்டும். டார்க்னஸ் மந்திரம் போட்டுச் சமாளிக்கலாம் என்று தம்பி நினைத்தான். மந்திர இருட்டுக்குள், இருட்டில் பார்க்கும் எல்ஃபின் கண்ணுக்கும் ஒன்றும் தெரியாது, தெரியாத இடத்துக்குத் தாவ முடியாது. இரண்டு கி வீண்.

டிஎம் வெளிச்சக் கணக்கு பார்க்காதவர் என்றாலும், கதை திறந்த வெளியில் நடக்கிறது என்றாலும் டிரங்கன் மாஸ்டரை எடுங்கள். கணக்கு பார்க்கிறவர், கதை குகையும் மாளிகையுமாகப் போகிறது என்றால் என் கை ஷேடோவுக்குத்தான் போகும். தம்பி டிரங்கன் மாஸ்டரையே எடுத்தான், முற்றத்து வெயிலில் ஆடுவதுதான் அவனுக்குப் பிடிக்கும்.