வன்னி வெக்கைக்கு எந்தக் கூலர்? ஏகே400, பியர்லெஸ் அசாசின், நொக்டுவா

கணினிப் புரோசசரைக் குளிர்த்தும் கூலர்களின் விமர்சனங்களில் வருகிற வெப்பநிலைகள் பெரும்பாலும் 20, 25 பாகை அறையில் எடுத்தவை. கிளிநொச்சியில் வைகாசி மத்தியானம் தகரக் கூரைக்குக் கீழே 34 பாகை சாதாரணம். எந்த ஹீட்சிங்கும் (கூலரில் சூட்டை இழுத்து வெளிவிடும் உலோகத் தகட்டுக் கட்டு) புரோசசரை அறை வெப்பத்துக்குக் கீழே இறக்காது, அதற்கு மேல் இத்தனை பாகையில் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். 24 பாகை அறையில் 74 காட்டிய கூலர் இங்கே 84 காட்டும். அந்தப் பத்துப் பாகையை ஃபான் வேகத்தைக் கூட்டிச் சமாளித்தால் இரைச்சல்தான் மிச்சம். தகட்டுப் பரப்பைக் கூட்டித்தான் சமாளிக்க வேண்டும். நிமிடத்துக்கு 1500 சுற்றில் ஓடும் ஃபானை 750க்கு இறக்கினால் காற்று பாதியாகிறது, சத்தமோ ஏறக்குறைய 15 டெசிபல் விழுகிறது. பெரிய ஹீட்சிங், மெதுவான ஃபான் என்று நாங்கள் வலியுறுத்துவது இதனால்தான்.

ஐ5-12400, ரைசன் 5 5600 போன்ற புரோசசர்களோடு பெட்டிக்குள் வரும் கூலர் கணினியைக் காப்பாற்றும், காதைக் காப்பாற்றாது. இந்த இரண்டுக்கும் டீப்கூல் ஏகே400 போதும். நான்கு 6 மில்லிமீற்றர் வெப்பக் குழாய், ஒரு 120 மில்லிமீற்றர் ஃபான், உயரம் 155. ஃபான் 1850 சுற்று வரை போகும், ஆனால் சாதாரண வேலையில் 1100ஐத் தாண்ட விடாதீர்கள்.

அறிவியல் நகர்ப் பொறியியல் மாணவர்கள் மாதிரி மணிக்கணக்காக ரெண்டர், சிமுலேஷன் ஓட்டுகிறவர்களுக்குத் தேர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்ஈதான் எங்கள் முதல் தெரிவு. ஆறு குழாய், இரண்டு கோபுரம், இரண்டு ஃபான், அதே 155 உயரம். குறை ஒன்று உண்டு: முன் ஃபான் றாமுக்கு (நினைவகத் தகடுகளுக்கு) மேலே வந்து நிற்கும். உயரமான றாம் என்றால் ஃபானை மேலே தூக்கிக் கொழுவ வேண்டும், அப்போது கேசிங் கதவு மூடாமல் போகலாம்.

நொக்டுவா என்எச்-யு12எஸ் ஒற்றைக் கோபுரம், 158 உயரம், றாமில் முட்டாது. குளிர்த்தும் திறனில் பியர்லெஸ் அசாசினுக்குப் பின்னால்தான், ஆனால் ஃபானின் சுழற்சி அவ்வளவு சீர். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களிடம் சொல்லி விட்டால் வாங்கலாம்.

தண்ணீர்க் கூலரை இங்கே நாங்கள் சொல்ல மாட்டோம். பம்ப் நின்றால் முழுச் சாமானும் வீண். கோபுரக் கூலரில் ஃபான் போனால் வவுனியாவில் இன்னொரு 120 மில்லிமீற்றர் ஃபான் வாங்கி அதே கம்பியில் கொழுவலாம். நாலு பின் உள்ளதாக, ஃப்ளூயிட் பெயரிங் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். மலிவான ஸ்லீவ் பெயரிங்கில் எண்ணெய் சூட்டில் வற்றி, கொஞ்சக் காலத்தில் கரகரக்கும்.

வாங்க முன் அடிமட்டத்தால் புரோசசரின் மேல்முகத்திலிருந்து கதவு வரை அளந்து பாருங்கள், 160 மில்லிமீற்றர் இருந்தால் பயமில்லை. இன்டெல் புரோசசர் பூட்டும் சொக்கற்றுகளில், பழைய எல்ஜிஏ 1200இல் கூலரைப் பூட்டும் துளைகளின் இடைவெளி 75 மில்லிமீற்றர், எல்ஜிஏ 1700இல் 78. பழைய கூலரின் தாங்கியை நெருக்கிப் பூட்டினால் ஒரு மூலை தூக்கி நிற்கும். புரோசசருக்கும் கூலருக்கும் இடையில் பூசும் பேஸ்ட் ஒரு கௌப்பி விதையளவு நடுவில் வைத்தால் போதும். அடித்தட்டில் ஒட்டியிருக்கும் பிளாஸ்ரிக் தாளை உரிக்க மறந்து, கூலர் பழுது என்று திருப்பிக் கொண்டுபோகிறவர்கள் உண்டு. இரு பக்க ஸ்குரூவையும் மாறி மாறி இரண்டிரண்டு சுற்றாக இறுக்குங்கள்.

பிறகு பயோஸ், அதாவது கணினி தொடங்கும்போது திறக்கும் அடிப்படை அமைப்புத் திரை. ஃபான் எந்த வெப்பத்தில் வேகமெடுக்க வேண்டும் என்று கொம்பனி வைத்து அனுப்புவது குளிர்ந்த அறைக்கான கணக்கு. இங்கே சும்மா இருக்கும்போதே புரோசசர் 45, 50இல் நிற்பதால், பிரவுசர் திறந்தாலும் ஃபான் உறுமி அடங்கும். 60 பாகை வரை 750 சுற்று, 80இல் 1100, 88இல் முழு வேகம் என்று வையுங்கள். வேகம் ஏறும் தாமதத்தைக் கூட்டி விடுங்கள்.

சோளகம் தொடங்கினால் தூசு. ஃபானைக் கழற்றினால் தகடுகளின் வாயில் செம்மண் நிறத்தில் கம்பளி மாதிரி ஒரு படை இருக்கும். மேலே இருந்து பார்த்தால் தெரியாது. மெதுவான ஃபானுக்கு அந்தப் படையைத் துளைக்கும் வலு இல்லை. அதனால் காற்றுக் காலத்தில் மாதம் ஒருமுறை பெயின்ற் தூரிகையால் தட்டி, புளோவரால் ஊதுங்கள். ஊதும்போது இறக்கைகளை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்றில் அளவுக்கு மீறிச் சுழன்றால் பெயரிங் போய்விடும். ரயர்க் கடைக் கொம்பிரசர் வேண்டவே வேண்டாம், அதன் காற்றுத் தாங்கியில் தேங்கிய நீரும் எண்ணெயும் சேர்ந்து வரும்.

இவ்வளவுக்குப் பிறகும் சத்தம் இருந்தால், கணினி ஓடும்போதே ஒவ்வொரு ஃபானின் நடுக் குமிழிலும் மெல்ல விரல் வைத்து ஒரு கணம் நிறுத்திப் பாருங்கள். சத்தம் எதில் நிற்கிறதோ அதுதான் ஆள். எதிலும் நிற்காவிட்டால் பவர் சப்ளையாக இருக்கலாம். அதைத் திறக்க வேண்டாம், வயரைக் கழற்றின பிறகும் உள்ளே மின்னேற்றம் நிற்கும்.