எக்செலை இயக்குவதா, லிப்ரே ஒஃபிஸை இயக்குவதா: ஸ்கிரிப்ட் எழுதுபவரின் ஒப்பீடு

கிளிநொச்சிப் பக்கம் ஒரு கமக்காரர் அமைப்பின் பதிவேட்டைக் கணினியில் பார்த்துக்கொள்கிறேன். சிறுபோகத்துக்கு இரணைமடுக் குளத்துத் தண்ணீர் எல்லா வயலுக்கும் காணாது. கூட்டத்தில் பங்கு முடிவானதும், யாருக்கு எத்தனை ஏக்கர், எந்த வாய்க்கால் என்று ஒவ்வொரு அங்கத்தவருக்கும் துண்டு அடிக்க வேண்டும். பட்டியலிலிருந்து கடிதங்களை நிரப்பும் வேர்டின் மெயில் மேர்ஜ் போதாதா என்றால், ஒருமுறைக்குப் போதும். பட்டியல் நாளுக்கு நாள் மாறும்போது, விரிதாளைத் திறந்து, துண்டை நிரப்பி, பிடிஎஃப் ஆக்குவதை ஸ்கிரிப்ட்டிடம், அதாவது தானாக ஓடும் ஒரு சிறு நிரலிடம், விடுவதுதான் நிம்மதி.

அதற்கு இரண்டு வழி. விண்டோஸில் எக்செலையும் வேர்டையும் கொம் (COM, வெளியிலிருந்து ஒரு மென்பொருளுக்கு உத்தரவு கொடுக்கும் வழி) வழியாக இயக்கலாம். அல்லது இலவச மென்பொருளான லிப்ரே ஒஃபிஸை, அதற்கே உரிய அப்படியான வழியான யூனோ (UNO) ஊடாக, பைதன் நிரல்மொழியால் இயக்கலாம். நான் இரண்டாவதைத் தெரிவு செய்தவன், அதனால் அந்தப் பக்கம் சாய்ந்துதான் எழுதுவேன்.

எழுதச் சுகமானது கொம்தான், அதில் சந்தேகமில்லை. 1993இல் எக்செல் 5 உடன் விபிஏ (VBA) என்ற மேக்ரோ மொழி வந்ததிலிருந்து சேர்ந்த உதாரணங்கள் இணையமெங்கும் கிடக்கின்றன. கையால் ஒருமுறை செய்து மேக்ரோவாகப் பதிந்தால் பாதி நிரல் கிடைத்துவிடும். யூனோவில் ஒரு கோப்பைத் திறப்பதே சடங்கு மாதிரி. எக்செலில் கலத்தைக் குறிக்கும்போது கிடைவரிசை (row) எண் முதலில், 1இலிருந்து. லிப்ரே ஒஃபிஸின் விரிதாளான கல்க்கில் நெடுவரிசை (column) எண் முதலில், 0இலிருந்து. பழைய நிரலைக் கொண்டுவருபவர் இங்கே தடுக்கி விழுவது நிச்சயம். விலையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

என்னைப் பொறுத்தவரை தீர்மானித்தது பராமரிப்பு. ஸ்கிரிப்ட் கூப்பிட்டால் திரையில் தெரியாவிட்டாலும் முழு எக்செலும் எழும்புகிறது. முன்னால் ஓர் ஆள் இருக்கிறார் என்று நம்பிச் செய்த மென்பொருள் அது. கோப்பை வேறு யாரோ திறந்திருக்கிறார்கள், என்ன செய்ய என்று ஒரு பெட்டி கேட்டால், பதில் வரும்வரை ஸ்கிரிப்ட் அப்படியே நிற்கும். எச்சரிக்கைகளை அணைக்கும் கட்டளை உண்டு. ஆனால் எல்லாப் பெட்டியையும் அது தடுக்காது. ஸ்கிரிப்ட் பாதியில் விழுந்தாலோ, எக்செல் பின்னணியில் கோப்பைப் பிடித்தபடி கிடக்கலாம். டாஸ்க் மனேஜரில் தேடி முடித்துவைக்க வேண்டும். ஆளில்லாமல் ஒஃபிஸை இப்படி ஓட்டுவதைப் பரிந்துரைக்கவுமில்லை, ஆதரிக்கவுமில்லை என்று மைக்ரோசொஃப்டே எழுதி வைத்திருக்கிறது. புதிய ஒஃபிஸின் நூலகம் ஒன்றுக்கு (ஆயத்த நிரல் தொகுப்புக்கு) இணைப்புக் கொடுத்து எழுதிய மேக்ரோவைப் பழைய ஒஃபிஸ் உள்ள கணினிக்குக் கொண்டுபோனால் அந்த நூலகத்தைக் காணவில்லை என்று நிற்பது தனிக்கதை.

லிப்ரே ஒஃபிஸைத் திரையே இல்லாமல், ஹெட்லெஸ் முறையில் தொடக்கலாம். நோரிஸ்டோர் என்ற தெரிவையும் சேர்த்தால், கரண்ட் போய் வந்த பிறகு "பழைய கோப்பை மீட்கவா" என்று கேட்டுக்கொண்டு நிற்காது. சிக்கினால் அந்தச் செயலியைக் கொன்று திரும்பத் தொடக்குவதையும் ஸ்கிரிப்ட்டே செய்யும். கவனிக்க மூன்று விசயம் உண்டு. திடீரென நின்றால் பூட்டுக்கோப்பு அப்படியே கிடக்கும், அடுத்த ஓட்டத்துக்கு முன் அதை அழிக்க வேண்டும். ஸ்கிரிப்டுக்கென்று தனிப் பயனர் கோப்புறை கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஏற்கெனவே திறந்திருக்கும் ஜன்னலோடு போய் ஒட்டிக்கொள்ளும். மூன்றாவதாக, உத்தரவு வாங்கும் போர்ட்டை இந்தக் கணினிக்குள் மட்டும் திறந்துவிடுங்கள். கடவுச்சொல் கேட்காத கதவு அது. வலையமைப்புக்குத் திறந்தால் யாரும் உங்கள் பெயரில் வேலை செய்யலாம்.

லினக்ஸ் என்றதும், அங்கே மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசும் டி-பஸ்ஸும் ஞாபகம் வரும். கேடிஈ என்ற லினக்ஸ் மேசைத்தளத்தின் மென்பொருள்களுக்கு அது சரி, கல்க்கின் கலங்களைத் தொட உதவாது. மக் கணினிகளில் இதே வேலைக்கு உள்ள ஆப்பிள்ஸ்கிரிப்டை ஒரு நண்பரின் கணினியில் தட்டிப் பார்த்த அளவுதான் என் அனுபவம். மக்கின் இயங்குதளத்தில் 2018இன் மொஹாவே பதிப்பிலிருந்து, ஒரு மென்பொருள் இன்னொன்றை இயக்க முதன்முறை அனுமதி கேட்கும்.

திணைக்களத்திலிருந்து மேக்ரோவோடு வரும் படிவங்கள்தான் உங்கள் வேலை என்றால் எக்செலிலேயே இருங்கள். முன்னால் இருந்து பொத்தானை அமத்துபவருக்கு நான் சொன்ன தொல்லையில் பெரும்பகுதி இல்லை. வேர்டில் செய்த துண்டை லிப்ரே ஒஃபிஸின் ரைட்டரில் திறந்தால் வரிகள் இடம் மாறலாம், மாதிரியை ரைட்டரிலேயே புதிதாகச் செய்வது நல்லது.

பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த பட்டியல் இரண்டு வழியிலும் ஒரே இடைஞ்சல். கண்ணுக்குத் தமிழ், உள்ளே ஆங்கில எழுத்து. யூனிகோடில் எழுதிய ஸ்கிரிப்ட் எந்தப் பெயரையும் கண்டுபிடிக்காது. முதலில் மாற்றுங்கள், பிறகு அங்கத்தவர் பெயர்களை ஒருவர் இருந்து வாசித்துச் சரிபார்க்கட்டும்.