கணினித் திரைக்கு அடியில் இருந்த புத்தகம்

படிக்காதவன் என்று என்னைச் சொல்ல முடியாது. பட்டம் வாங்கும் அளவுக்குப் படித்தவன்தான். ஆனால் தேர்வுக்குச் சம்பந்தமில்லாத ஒரு புத்தகத்தை முழுதாகப் படித்து முடித்தது முப்பத்து நான்கு வயதில். அதிலும் தன்னம்பிக்கை நூல்கள் என்றால் எனக்கு இளக்காரம். 'ஏட்டுச் சுரைக்காய்' என்று ஒரே சொல்லில் வாதத்தை முடித்துவிடுவேன். பிறந்தநாளுக்கும் பணி உயர்வுக்கும் அன்பளிப்பாக வந்த மூன்று புத்தகங்கள் என் கணினித் திரையைக் கண்மட்டத்துக்கு உயர்த்தி வைத்திருந்தன. அந்த வேலையை அவை குறையில்லாமல் செய்தன.

நான்கு ஆண்டுகளுக்கு முன் கைப்பேசி பழுதானது. சரிசெய்ய ஒரு வாரம் ஆகும் என்றார்கள். முதல் இரவு தூக்கம் பிடிக்கவில்லை; கை தானாகத் தலையணைப் பக்கம் துழாவிக்கொண்டே இருந்தது. எழுந்துபோய், திரைக்கு அடியிலிருந்து இருப்பதில் மெலிந்த ஒன்றை உருவினேன். ஹெலன் கெல்லரின் தன்வரலாறு. 1903இல் வெளிவந்த நூலின் தமிழ் மொழிபெயர்ப்பு.

பார்வையும் கேட்கும் திறனும் இழந்த சிறுமி, ஒரு கையில் விழும் தண்ணீர், மறு கையில் ஆசிரியை விரல்களால் உணர்த்தும் எழுத்துகள்: இவ்வளவும் பள்ளிப் பாடத்திலேயே தெரிந்த கதை. அதற்குச் சற்று முன் நடந்தது எனக்குத் தெரியாது. திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்ததில் எரிச்சலடைந்த அந்தச் சிறுமி, புதுப் பொம்மையைத் தரையில் அடித்து உடைக்கிறாள். உடைந்ததில் துளி வருத்தமும் இல்லை. ஆசிரியை துண்டுகளைக் கணப்படுப்புப் பக்கம் கூட்டித் தள்ளுகிறார். பிறகுதான் இருவரும் வெளியே போகிறார்கள். தண்ணீருக்கு ஒரு பெயர் உண்டு என்பது அவளுக்குப் புரிகிறது. வீட்டுக்குள் திரும்பியதும் பொம்மையின் நினைவு வருகிறது. தடவித் தடவிப் போய், துண்டுகளைப் பொறுக்கி, ஒட்டவைக்கப் பார்க்கிறாள். ஒட்டவில்லை. அப்போதுதான் அழுகிறாள்.

அந்த இரண்டு பக்கங்களை அன்றிரவு மூன்று முறை படித்தேன். பெயர் தெரியவந்த பிறகுதான் வருத்தப்படவே தெரிந்திருக்கிறது! எனக்கு யாரும் அறிவுரை சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு அலுவலகத்தில் நான் ஒருவரிடம் எரிந்து விழுந்தது நினைவுக்கு வந்தது. மறுநாள் திரை ஒரு விரற்கடை இறங்கியிருந்தது, கழுத்து வலித்தது. புத்தகத்தை மட்டும் திரும்ப வைக்கவில்லை.

அடுத்து வந்த ஓராண்டைப் பற்றிச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. காய்ந்த மாடு கம்பில் விழுந்ததுபோல முப்பது புத்தகங்கள் படித்தேன். அவற்றில் இருபதின் பெயர்கூட இன்று நினைவில் இல்லை. புராண வைராக்கியம், பிரசவ வைராக்கியம், மயான வைராக்கியம் என்று பெரியவர்கள் மூன்றைச் சொல்வார்கள். நான்காவதாகப் புத்தக வைராக்கியத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். கடைசிப் பக்கத்தை மூடும்போது மலையைப் பெயர்க்கலாம்போல இருக்கும். காலையில் அலாரத்தை அணைக்கும்போது மலை அங்கேயே இருக்கும்.

'எந்தப் பழக்கமும் 21 நாளில் படிந்துவிடும்' என்று பல நூல்கள் அடித்துச் சொல்லின. நம்பி நாட்குறிப்பு எழுதினேன். 21 நாள் ஓடியது, 25ஆம் நாள் நின்றது. கோளாறு என்னிடம்தான் என்று நினைத்தேன். அந்தக் கணக்கின் மூலம் பிறகு தெரியவந்தது. மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற ஒட்டறுவை (பிளாஸ்டிக் சர்ஜரி) மருத்துவர், நோயாளிகள் தங்கள் புதிய முகத்துக்குப் பழகக் குறைந்தது சுமார் 21 நாள் ஆகிறது என்று 1960இல் எழுதினார். பின்னால் வந்தவர்கள் முகத்தையும் விட்டுவிட்டார்கள், 'குறைந்தது' என்பதையும் விட்டுவிட்டார்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 96 பேரை வைத்து நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வோ, ஒரு பழக்கம் படிய 18 நாள் முதல் 254 நாள் வரை ஆகலாம் என்று மதிப்பிட்டது. நடு அளவு 66 நாள். இதைப் படித்த அன்று நாட்குறிப்பை மறுபடி எடுத்தேன். இப்போதும் வாரத்துக்கு நான்கு நாள் எழுதுகிறேன். ஏழு நாள் என்று பொய் சொல்ல மாட்டேன்.

இந்த வகை நூல்களில் எனக்கு இன்னமும் தீராத மனக்குறைகள் உண்டு. பத்துப் பக்கத்துக்குரிய ஒரு கருத்தை இருநூறு பக்கத்துக்கு இழுப்பது முதல் குறை. மொழிபெயர்ப்பு அடுத்தது. ஒரு நூலில் ஒரே பக்கத்தில் பதினொரு 'நீங்கள்' எண்ணினேன். வினைமுற்றிலேயே ஆள் தெரிந்துவிடும் மொழியில் எதற்கு இத்தனை 'நீங்கள்'? விரல் நீட்டி மிரட்டுவதுபோல இருந்தது. இப்போது கடையிலோ நூலகத்திலோ நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து, வாய்விட்டுப் படித்துப் பார்க்கிறேன். நாக்கு இடறினால் வைத்துவிடுகிறேன்.

நான்கு ஆண்டில் தங்கியவை பெரும்பாலும் தன்வரலாறுகளே. அதிலும் எழுதியவர் தோற்றுப்போன இடத்தை மறைக்காதவை. அமெரிக்க அரசியல் அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின் பதின்மூன்று நற்குணங்களைப் பட்டியலிட்டு, வாரத்துக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டு, தவறும்போதெல்லாம் கட்டத்தில் கரும்புள்ளி வைத்தார். நானும் கட்டம் போட்டேன். 'அளவோடு பேசுதல்' வரிசை செவ்வாய்க்கிழமைக்குள் எறும்புப் புற்றானது. அவருக்குப் பிடிபடாதது 'ஒழுங்கு'. அதை ஒப்புக்கொள்ள ஒரு கதை சொல்கிறார். கோடரி முழுவதையும் பளபளப்பாகத் தீட்டித்தரச் சொன்னவனிடம், சாணைச் சக்கரத்தைச் சுற்றுவது உன் வேலை என்கிறார் கொல்லர். சுற்றிச் சுற்றிக் களைத்தவன், புள்ளி புள்ளியாக இருக்கும் கோடரிதான் தனக்குப் பிடிக்கிறது என்று கிளம்பிவிடுகிறான். நள்ளிரவில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். படித்தது நினைவில் நிற்கிறதென்றால் எனக்கு இப்படிச் சிரித்த இடங்களில்தான் நிற்கிறது.

வேகம் குறைந்துவிட்டது. இரவில் பத்துப் பக்கம், கையில் பென்சில், கைப்பேசி பக்கத்து அறையில். ஆண்டுக்கு எட்டு நூல் முடித்தால் அதிகம். பிடிக்காததை ஐம்பதாம் பக்கத்தில் மூடிவிடுகிறேன். குற்றவுணர்ச்சி போக இரண்டாண்டு பிடித்தது. திரைக்கு அடியில் இப்போது வேறு மூன்று புத்தகங்கள் இருக்கின்றன, முன்பைவிடத் தடிமனானவை.

போன மாதம் அக்கா மகன், "மாமா, எதிலிருந்து தொடங்கலாம்?" என்று கேட்டான். அந்த மெலிந்த புத்தகத்தைக் கொடுத்தேன். மூன்று வாரமாகப் பன்னிரண்டாம் பக்கத்தில் அட்டை செருகியபடி அவன் மேசையில் கிடக்கிறது. அவன் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் ஓரக்கண்ணால் பார்க்கிறேன். ஒன்றும் கேட்கவில்லை.