மிளகுக்கு எந்த வணிகப் பாதை: நான் ஏன் பொது விதியின் பக்கம்

போன மாதம் ஏற்காடு நாகலூரில் எங்கள் மிளகு விவசாயிகள் கூடி டெல்லிக்கு ஒரு மனு எழுதினோம். இறக்குமதி விஷயத்தில் அரசிடம் எதைக் கேட்பது? மூன்று கருத்து வந்தது. எல்லா உறுப்பு நாட்டுக்கும் ஒரே வரி என்ற உலக வணிக அமைப்பின் பொது விதியோடு நில்லுங்கள். அக்கம்பக்க நாடுகளோடு தனி ஒப்பந்தம் போடுங்கள். யாரையும் கேட்காமல் நாமே கதவைச் சாத்துவோம். நான் முதலாவதற்குக் கை தூக்கினேன்.

கதவைச் சாத்திப் பார்த்தாயிற்று. 2017 டிசம்பரில் மத்திய அரசு மிளகுக்குக் குறைந்தபட்ச இறக்குமதி விலையாகக் கிலோவுக்கு 500 ரூபாய் நிர்ணயித்தது; அதற்குக் கீழான விலையில் இறக்குமதி கூடாது. ஆனால் 2016இல் 700 ரூபாயைத் தொட்ட மிளகு 2020இல் அதில் பாதி விலைக்குக்கூட விற்கவில்லை. நாம் எடுக்கும் ஆயுதத்தை அடுத்தவரும் எடுப்பார். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50% வரி போட்டபோது அதைப் பார்த்தோம்.

தனி ஒப்பந்தம் கேட்க இனிமையானது. அதில் என்னை உறுத்துவது ஒன்றே ஒன்று: சரக்கு எந்த நாட்டில் விளைந்தது என்று காட்டும் பிறப்பிடச் சான்று. மிளகுக்கு நம் பொது வரி 70%. தென்கிழக்கு ஆசிய நாடுகளோடு 2010இல் நடைமுறைக்கு வந்த ஆசியான் ஒப்பந்தத்தால் வியட்நாம் மிளகுக்கு அது படிப்படியாக 50% ஆனது. தெற்காசிய ஒப்பந்தத்தில் இலங்கை மிளகுக்கு 8%தான். அதற்கு மேல், இலங்கையோடு உள்ள தனி ஒப்பந்தத்தில் வருடம் 2,500 டன் வரியே இல்லாமல் வரலாம். உலகிலேயே அதிகம் மிளகு விளைவது வியட்நாமில். அந்தச் சரக்கு கொழும்பு வழியாக இலங்கைச் சான்றோடு வருகிறது என்பது எங்கள் வருடக்கணக்கான புகார்.

ஒரு கைப்பிடி மிளகை உள்ளங்கையில் கொட்டிப் பாருங்கள். லிட்டருக்கு 550 கிராம் நிற்குமா, பொக்கு எவ்வளவு, ஈரம் எவ்வளவு என்று எங்கள் வியாபாரி தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார். எந்த நாட்டுக் கொடியில் காய்த்தது என்று மட்டும் சொல்ல மாட்டார். மூட்டையில் ஒன்றாகக் கலந்துவிட்டால் கண்ணால் பார்த்துப் பிரிக்க யாராலும் ஆகாது. ஆக, காகிதத்தைத்தான் நம்ப வேண்டும். அந்தக் காகிதத்தைச் சரிபார்க்க 2020 செப்டம்பரில் சுங்கத் துறை தனி விதிகளே கொண்டுவந்தது. இறக்குமதியாளர் ஆதாரங்களை ஐந்து வருடம் வைத்திருக்க வேண்டும். ஒப்பந்தத்துக்கு ஒரு வரி, ஒப்பந்தத்துக்கு ஒரு சான்று. பொருளியலாளர் ஜக்தீஷ் பகவதி இதை ஸ்பகெட்டிக் கிண்ணம் என்றார். நமக்குப் பழகிய பெயர் இடியாப்பச் சிக்கல்.

பொது விதியில் எல்லா உறுப்பு நாட்டுக்கும் ஒரே வரி. விளைந்த இடத்தைப் பற்றிப் பொய் சொல்வதில் யாருக்கும் காசு இல்லை. என் முடிவுக்கு இந்த ஒரு காரணம் போதும்.

குறை இல்லாமல் இல்லை. உலக வணிக அமைப்பின் 166 உறுப்பினர்களும் ஒத்துக்கொண்டால்தான் எதுவும் நகரும். 2001இல் அங்கே தொடங்கிய தோஹா வணிகப் பேச்சுவார்த்தை முடியவே இல்லை. அமெரிக்கா உறுப்பினர் நியமனத்தைத் தடுத்ததால் 2019 டிசம்பரிலிருந்து நாடுகளின் வணிக வழக்குகளுக்கான மேல்முறையீட்டு அமைப்பும் இயங்கவில்லை. வழக்கில் தோற்றவர் அப்பீல் போட்டால் அது அப்படியே கிடக்கும். சர்க்கரை மானிய வழக்கில் தோற்ற இந்தியாவும் அதைத்தான் செய்தது. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு செய்யும் என் நண்பர் இதை ஒத்துக்கொள்ள மாட்டார். அமீரக ஒப்பந்தம் 2022 மே 1 முதல் நடைமுறைக்கு வந்ததும் அங்கே நம் நகைக்கு இருந்த 5% வரி போய்விட்டது. கொலுசு சேலத்துப் பட்டறையில் செய்தது என்று காட்டுவதும் அவருக்கு லேசு. கைவேலைப் பொருளுக்கு எது நல்லது என்று அடித்துச் சொல்லும் அனுபவம் எனக்கில்லை. கொடியில் காய்ப்பதற்குத்தான் பேசுகிறேன்.

போட்ட ஒப்பந்தங்களைக் கிழிக்கச் சொல்லி நாங்கள் எழுதவில்லை. இனி எந்த ஒப்பந்தம் போட்டாலும் மிளகுக்குப் பொது வரியிலிருந்து தனிச் சலுகை வேண்டாம் என்று எழுதினோம். கதவைச் சாத்தச் சொன்ன இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். ஜனவரியில் பறிப்பு ஆரம்பம். அதற்குள் மனு போய்ச் சேர வேண்டும்.